வெறும் கல்லறைக்கு ஒரு ரிக்கற்

நான் வேலை செய்கிற றெஸ்ரோறன்ற்றில் குசினிக்குப் போகிற வழியில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகள், நடுவில் செங்கல் நிறத்தில் பெரிய கும்மட்டம், பின்னால் மலை. பதினாறு வருசமாக அந்தப் படத்தைத் தாண்டித்தான் போய் வருகிறேன். முதலில் கோப்பை கழுவப் போனேன், பிறகு மரக்கறி வெட்டப் போனேன், இப்போது பிற்சா போடப் போகிறேன். (பாரிசில் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை. முதலாளி இத்தாலியன் இல்லை. குசினியில் இரண்டு யாழ்ப்பாணத்தார், ஒரு பங்களாதேசி, ஒரு மாலிக்காரர். பாரிசில் இருக்கிற உங்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இராது.)

படத்தில் இருப்பது எந்த ஊர் என்று முதலாளி சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அது புளோரன்ஸ் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். போன ஆவணியில் மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் அங்கே போய் வந்தேன். பயணக் கட்டுரை என்று நினைத்து வாசிக்கத் தொடங்குகிறவர்கள் கொஞ்சம் ஏமாறலாம். எந்தக் கடையில் ஐஸ்கிறீம் நல்லது என்று நான் எழுதப்போவதில்லை. எல்லாக் கடையிலும் நல்லதுதான், விலைதான் நல்லதில்லை.

எங்கள் சனத்துக்கு லீவு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். லண்டனில் மாமி வீடு, கனடாவில் கலியாணவீடு, ஜேர்மனியில் கோயில் தேர், லூர்து மாதா. ஆவணியில் கடை மூன்று கிழமை பூட்டு. நான் புளோரன்ஸ் போகப்போகிறேன் என்றதும் குசினியில் என்னோடு வேலை செய்கிற அண்ணை சொன்னார்: "உனக்கென்ன விசரோ? கல்லுப் பாக்கக் காசு குடுத்துப் போறியோ? கல்லுப் பாக்கிறதெண்டால் லாச்சப்பலிலை நகைக்கடைக்குப் போ."

அண்ணையை நான் முழுக்கப் பிழை சொல்லமாட்டேன். மியூசியங்கள் எங்களை நினைத்துத் திறப்பதில்லை. என்னுடைய ஓய்வுநாள் திங்கட்கிழமை. ஊரிலுள்ள பாதி றெஸ்ரோறன்ற்களுக்கு அன்றுதான் பூட்டு. பாரிசில் ஓர்சே மியூசியத்துக்கும் திங்கட்கிழமைதான் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மியூசியம் பார்த்துவிட்டுச் சாப்பிட வருகிற சனத்துக்குச் சமைத்துப் போடுகிறவன், அடுத்த நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். லூவ்ருக்குச் செவ்வாயில் லீவு, ஆகவே அதை மட்டும் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் யாரை நினைத்து இந்த நேர அட்டவணை போடப்படுகிறது என்பது விளங்குகிறது.

இனி, புளோரன்சை எனக்கு எப்படித் தெரியும் என்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் இரண்டாம் வருசம் வரை படித்தேன். வரலாறு ஒரு பாடம். ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று ஒரு பகுதியில் புளோரன்ஸ் வந்தது. 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டியது. அதற்குப் பிறகு படிப்பு என்ன, பரீட்சை என்ன. 2008இல் இங்கே வந்து சேர்ந்தேன். கொப்பிகள் கோண்டாவில் வீட்டில் கிடந்து கறையான் தின்றுபோயின. அதில் எழுதியிருந்த ஒரு வரி மட்டும் நினைவில் நின்றது: தாந்தே, கவிஞர், சொந்த ஊரான புளோரன்சிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். அந்த வயதில் அது எனக்குப் பரீட்சைக்கான ஒரு வரிதான்.

இப்போது என்னிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று எழுதி, இலங்கை தவிர என்று அதிலேயே போட்டிருப்பார்கள். பீசாவுக்கு மலிவு விமானத்தில் ஏறும்போது கவுண்டரில் நின்ற பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகளுடையதைப் பார்க்கவேயில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது, இங்கே பிறந்தவள், இந்த வருசம்தான் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்தது. அவள் நினைத்தால் நாளைக்கே கோண்டாவிலுக்குப் போகலாம். அங்கே பிறந்த நான் போக முடியாது.

ஞாயிறு இரவு போய் இறங்கினோம். திங்கட்கிழமை காலமை உஃபிட்சி மியூசியத்துக்கு வெளிக்கிட்டால், பூட்டு. இவ்வளவு நேரமும் திங்கட்கிழமையைப் பற்றிப் புலம்பிய நானே அதை மறந்துபோனேன். டேவிட் சிலை இருக்கிற அக்காடெமியாவும் பூட்டு. மனிசி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது, கலியாணம் கட்டினவர்களுக்குத் தெரியும். கோயில்கள் திறந்திருக்கும் என்று சமாளித்து, சாந்தா குரோச்சே என்ற தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் ரிக்கற்.

உள்ளே போனால் சுவர் நெடுகக் கல்லறைகள். மைக்கலாஞ்சலோ இருக்கிறார். 1564இல் ரோமில் செத்த அவருடைய உடலை பெறாமகன் இரகசியமாக இங்கே கொண்டுவந்து சேர்த்தார். கலிலியோ இருக்கிறார். 1642இல் செத்தவருக்கு, திருச்சபையின் தண்டனைக்கு உள்ளானவர் என்பதால், ஒழுங்கான கல்லறை கட்ட 1737 வரை ஆனது. உகோ பொஸ்கொலோ என்ற கவிஞர் 1827இல் லண்டனில் அகதியாகச் செத்தவர். அவருடைய எலும்புகளை 1871இல் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் கல்லும் உண்டு, உள்ளே ஆளும் உண்டு.

அந்த வரிசையில் மிகப் பெரிய ஒன்று தாந்தேயுடையது. மேலே அவர் கையில் தலையைச் சாய்த்தபடி இருக்கிறார். ஒரு பெண் சிலை அவரைக் கையால் காட்டுகிறது. இன்னொரு பெண் பேழைமேல் விழுந்து அழுகிறாள். சனம் முழுக்க அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பெட்டி. இதை நான் சொன்னதும் மனிசி கேட்டாள்: "அப்ப காசு குடுத்து வெறும் பெட்டியைப் பாக்கவோ வந்தனாங்கள்?" மகள் கேட்டது வேறு கேள்வி. "ஏன் அப்பா வெறுமையாய் இருக்கு?"

அந்த "ஏன்" இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். தாந்தே 1265இல் அந்த ஊரில் பிறந்தவர். கவிஞர் மட்டும் இல்லை, அரசியலும் செய்தவர். ஊரை ஆண்ட கட்சி கறுப்பு, வெள்ளை என்று இரண்டாக உடைந்து வெட்டுக்குத்துப்பட்டது. இவர் வெள்ளை. 1301 கடைசியில் கறுப்பர் ஊரைப் பிடித்தார்கள். அந்த நேரம் இவர் ஊருக்காகப் போப்பரசரிடம் தூது போயிருந்தார். 1302 தை 27ஆம் திகதி தீர்ப்பு: பதவியில் இருந்தபோது லஞ்சம் வாங்கினார், 5,000 புளோரின் அபராதம், இரண்டு வருசம் நாடுகடத்தல். அவர் ஊரில் இல்லை, வந்து நிற்கவும் இல்லை. பங்குனி 10ஆம் திகதி இரண்டாவது தீர்ப்பு: கையில் பிடிபட்டால் உயிரோடு எரிக்கவேண்டும். அதற்குப் பிறகு அவர் ஊரைக் கண்ணால் காணவில்லை. பத்தொன்பது வருசம் அவரவர் தயவில் ஊர் ஊராக அலைந்து, 1321 புரட்டாதியில் ரவென்னாவில் செத்தார். அவரை உலகம் அறிந்த நூல் முழுக்க வெளியில் இருந்து எழுதியது.

மகள் தன் ரெலிபோனைக் கல்லறையில் உள்ள லத்தீன் எழுத்துக்கு நேரே பிடித்தாள். அது மொழிபெயர்த்துத் தந்தது. முன்னோர்கள் மூன்று தரம் தீர்மானித்தும் நிறைவேறாமல் போன மரியாதைக் கல்லறையை, தாந்தேக்கு, துஸ்கானி மக்கள் 1829இல் மகிழ்ச்சியோடு எழுப்பினார்கள். அவ்வளவுதான். ஏன் மூன்று தரமும் நிறைவேறவில்லை, ஏன் உள்ளே ஆள் இல்லை என்று அதில் ஒரு சொல் கிடையாது. துரத்தினோம் என்ற சொல்லும் இல்லை.

நிறைவேறாததற்குக் காரணம் ரவென்னாக்காரர் கொடுக்க மறுத்ததுதான். நல்ல வேலை செய்தார்கள். 1519இல் புளோரன்ஸ்காரர் போப்பரசரிடமே அனுமதி வாங்கிவிட்டார்கள், போப்பரசரும் புளோரன்சின் மெடிச்சி குடும்பத்து ஆள். கல்லறையை நானே செய்து தருகிறேன் என்று மைக்கலாஞ்சலோ அந்த மனுவில் கையெழுத்து வைத்தார். ஆட்கள் போய் ரவென்னாவில் பேழையைத் திறந்தால் உள்ளே எலும்பு இல்லை. பக்கத்து மடத்துத் துறவிகள் சுவரில் ஓட்டை போட்டு எடுத்து ஒளித்துவிட்டார்கள். அந்த எலும்புகள் 1865இல்தான் ஒரு பெட்டியில் தற்செயலாகத் திரும்பக் கிடைத்தன. இன்றைக்கும் அவர் ரவென்னாவில்தான். அந்தக் கல்லறை விளக்குக்கு வருசா வருசம் புரட்டாதியில் எண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பது புளோரன்ஸ். 2008 ஆனியில் புளோரன்ஸ் நகரசபை தாந்தேயின் தண்டனையை இரத்துச் செய்யத் தீர்மானம் எடுத்தது. 706 வருசம் கழித்து. அதற்கும் எதிர்த்து வாக்களிக்கச் சபையில் ஆள் இருந்தது.

அதே தேவாலயத்தில் இன்னொரு பொருளைப் பார்த்தேன். சிமாபுவே என்ற பழைய ஓவியர் மரத்தில் செய்த பெரிய சிலுவை. 1966 கார்த்திகை 4ஆம் திகதி ஆர்னோ ஆறு பெருகி ஊரை மூடியபோது இந்தச் சிலுவையும் தண்ணிக்குள் போய், வர்ணத்தில் பெரும்பகுதி கழன்றுவிட்டது. பத்து வருசம் திருத்தினார்கள். ஆனால் போன இடத்தில் புதிதாக முகம் கீறிவைக்கவில்லை. போன இடம் போன இடம்தான் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரிச் சாதாரண நிறக் கோடுகளால் நிரப்பி விட்டிருக்கிறார்கள். கிட்டப்போனால் எது மிஞ்சினது, எது போனது என்று பிள்ளைகூடச் சொல்லும். நான் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் யாழ்ப்பாண நூலகம் திருத்திக் கட்டித் திறந்திருந்தது. வெள்ளை வெளேரென்று நல்ல வடிவு. 1981இல் அதை எரித்தார்கள் என்பது தெரியாத ஒருவன் உள்ளே போய் வந்தால் தெரியாமலே வருவான். எரிந்த சுவர் ஒன்றையாவது அப்படியே விட்டிருக்கலாம் என்று எனக்கு அந்தச் சிலுவைக்கு முன்னால் நின்றபோது பட்டது. தண்ணி செய்ததைக் காட்டுகிற ஊர், தான் செய்ததைக் காட்டவில்லை என்பதும் அப்போதுதான் பட்டது.

செவ்வாய்க்கிழமை உஃபிட்சி. 1560இல் வசாரி கட்டத் தொடங்கியது, மெடிச்சிகளின் அரச அலுவலகமாக. உஃபிட்சி என்றால் அலுவலகங்கள் என்றுதான் அர்த்தம். இவ்வளவு படங்களும் சிலைகளும் ஊரிலேயே நிற்பதற்குக் காரணம் ஒரு பெண். மெடிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயிசா. எல்லாவற்றையும் ஊருக்குத் தருகிறேன், ஆனால் ஒன்றும் ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்று 1737இல் எழுதி வாங்கினார். பதினெட்டு வயதுக்குக் கீழே ரிக்கற் இல்லை, மகளுக்குக் காசு மிச்சம். பொத்திச்செல்லியின் வீனசுக்கு முன்னால் சனம் தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் வேலையில் பத்து மணித்தியாலம் நின்று பழகிய கால் என்பதால் நான் கடைசி அறை வரைக்கும் போனேன். வெளியே முற்றத்துத் தூண்களிலும் ஊரின் பெரிய மனிதர்கள் வரிசையாகச் சிலையாக நிற்கிறார்கள். அங்கேயும் தாந்தே. எதிர்ப்பக்கத் தெருவில் அவருடைய நீட்டு மூக்கைப் போட்ட காந்தம், ஏப்ரன். "தாந்தேயின் வீடு" என்று ஒரு மியூசியம்கூட இருக்கிறது, அது 1900களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. சொத்தைப் பறித்துத் துரத்தினவனின் பேரில் ஊர் நல்லாகப் பிழைக்கிறது.

அன்று இரவு சாப்பிட்ட கடையில் பாண் வைத்தார்கள். வாயில் வைத்தால் உப்பில்லை. தொழில்காரன் புத்தி, யாரோ மாவில் உப்புப் போட மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தால் குசினிப் பின்கதவில் ஒருவர் சிகரெட் பற்றிக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்ததும் ஊர் தெரிந்துவிட்டது. வென்னப்புவ. சிங்களவர், கொஞ்சம் தமிழும் தெரிந்தவர். துஸ்கானிப் பாணுக்கு உப்புப் போடுவதில்லை, அதுதான் இங்கே வழமை என்று சொன்னார். அடுத்தவன் வீட்டுப் பாணில் உப்பு எவ்வளவு கரிக்கும் என்று தாந்தே தன் நூலில் நாடுகடத்தலைப் பற்றி எழுதியிருப்பது அந்த ரொட்டியைத் தின்ற பிறகுதான் எனக்கு விளங்கியது. உப்பில்லாப் பாண் தின்று வளர்ந்தவனுக்கு மற்ற எல்லா ஊர்ப் பாணும் கரிக்கத்தான் செய்யும்.

நாங்கள் இரண்டு பேரும் குசினியைப் பற்றிக் கதைத்தோம். அவர்கள் குஸ்ஸிய, நாங்கள் குசினி, இத்தாலியன் குச்சீனா. இரண்டு வருசத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போவாராம். "நீங்க போறதில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டாரோ, தெரியாமலோ. ஒரு தீவு, ஒரு தொழில், கரண்டி பிடித்த கையில் ஒரே மாதிரிச் சூட்டுத் தழும்பு. என் அப்பா 2014இல் செத்தபோது செத்தவீட்டை நான் பாரிசில் இருந்து ஸ்கைப்பில் பார்த்தேன். இடையில் லைன் அறுந்து, திரும்ப வந்தபோது பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

புதன்கிழமை பார்ஜெல்லோ மியூசியம். தொனத்தெல்லோவின் சிலைகளுக்காகச் சனம் போகிற இடம். நான் போனது கட்டடத்துக்காக. தாந்தேக்குத் தண்டனை கொடுத்த காலத்தில் அது பொடெஸ்தா என்ற நீதித் தலைவரின் மாளிகை. பிறகு சிறைச்சாலை. 1865இல் மியூசியம். மேல்மாடியில் ஒரு சின்னத் தேவாலயம், மரணதண்டனைக் கைதிகள் கடைசியாகச் செபம் செய்த இடம். அதன் சுவரில் ஜொத்தோவும் அவருடைய ஆட்களும் தீட்டியதாகச் சொல்லப்படும் சொர்க்கத்துப் படம். அந்தச் சொர்க்கத்துக் கூட்டத்தில் ஒருவர், சிவப்பு உடுப்போடு, பக்கவாட்டு முகமாக. தாந்தே என்கிறார்கள். செத்துப் பதினைந்து பதினாறு வருசத்துக்குள் வரைந்தது. உன்னை எரிப்போம் என்று தீர்ப்பெழுதிய வீட்டிலேயே உன்னைச் சொர்க்கத்தில் ஏற்றிவிட்டார்கள். பிறகு சுவருக்கு வெள்ளையடித்து அதையும் மறந்து, 1840இல் சுரண்டிக் கண்டுபிடித்தார்கள். ஆளை ஊருக்குள் விடுவதைவிட ஆளின் படத்தைச் சுவரில் விடுவது சுலபம். என்னுடைய அபிப்பிராயம், செத்த பிறகு கொடுக்கிற மரியாதை கொடுக்கிறவனுக்குத்தான் உதவும்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது வழமையான எங்கள் கட்டுரையாக இருந்திருக்கும். அவர்கள் துரத்தினார்கள், நாங்கள் துரத்தப்பட்டோம், நாங்களும் தாந்தேயும் ஒன்று. கைதட்டி முடிக்கலாம். ஆனால் இரண்டு விசயங்கள் இடறுகின்றன.

ஒன்று. 1315இல் புளோரன்ஸ் ஒரு பொது மன்னிப்புக் கொடுத்தது. அபராதத்தில் ஒரு பங்கைக் கட்டி, குற்றவாளியைப் போல ஊர் பார்க்கத் தேவாலயத்துக்கு நடந்துவந்தால் திரும்பலாம். அப்படி வரமாட்டேன் என்று தாந்தே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். நிமிர்ந்த மனிதன். ஆனால் மறுத்ததும் மரணதண்டனையைப் புதுப்பித்தார்கள், இந்த முறை அவருடைய பிள்ளைகளையும் சேர்த்து. நான் பெரிய கவிஞன் இல்லை. அகதி அந்தஸ்தைக் கைவிட்டால், அல்லது பிரஜாவுரிமை எடுத்தால் ஊருக்குப் போகலாம். அம்மாவுக்கு எழுபத்துநாலு. அவுஸ்திரேலியா, கனடாக் கடவுச்சீட்டோடு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வருகிறவர்களை "காட்டிக்கொடுத்தவன்" என்று திட்டுகிற ஆட்களில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருகுதில்லை. தாயைப் பார்க்கப் போகிறவன் யாரிடமும் மண்டியிட்டதாக அர்த்தமில்லை. போகாதவன் அதனாலேயே தாந்தே ஆகிவிடுவதும் இல்லை.

இரண்டாவது விசயம் பாரமானது. 1300ஆம் ஆண்டு தாந்தே ஊரை ஆண்ட ஆறு பேரில் ஒருவராக இரண்டு மாதம் இருந்தார். சண்டையை அடக்க என்று இரண்டு பக்கத் தலைவர்களையும் நாடு கடத்தத் தீர்மானித்தார்கள். கடத்தப்பட்டவர்களில் ஒருவர் குய்தோ கவல்காந்தி, கவிஞர், தாந்தேயின் உயிர் நண்பர். போன இடத்தில் காய்ச்சல் பிடித்து, திரும்ப விட்டும் தப்பாமல், அந்த ஆவணியிலேயே செத்துப்போனார். அடுத்த வருசம் தாந்தேயின் முறை. அகதியான தாந்தே, ஆளை அகதியாக்கிய தாந்தேயும்தான்.

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஞாபகம் வந்தது ஒரு சைக்கிள். கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குக் கிழமையில் ஒருநாள் சீலைக்கார நானா வருவார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வீடு. கரியரில் சீலைக் கட்டு. அம்மாவை "தங்கச்சி" என்பார், எனக்கு இனிப்புத் தருவார். எனக்கு எட்டு வயதானபோது வருவது நின்றுவிட்டது. ஏன் நானா வாறேல்லை என்று கேட்டேன். அம்மா சொன்னா: "போட்டினம்." அவ்வளவுதான். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஐப்பசி 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசம். சரியாக ஐந்து வருசம் கழித்து 1995இல் அதே ஐப்பசி 30ஆம் திகதி இராணுவம் முன்னேற, நாங்களே வலிகாமத்தை விட்டு இருட்டில் நடந்தோம். அப்போது எனக்கு இப்போது மகளுக்கு இருக்கிற வயது. அந்த இடப்பெயர்வைப் பற்றி எங்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம், நானே எழுதியிருக்கிறேன். முதல் திகதியைப் பற்றி எழுதியவர்களை ஒரு கைவிரலில் எண்ணலாம், அவர்களுக்கும் துரோகிப் பட்டம்தான் கிடைத்தது.

"போட்டினம்" என்ற சொல்லும், அந்தக் கல்லறையில் இருந்த லத்தீனும் ஒன்றுதான். ஆள் இல்லை என்பதைச் சொல்லும், ஏன் இல்லை என்பதைச் சொல்லாது. நாளைக்கு நாங்களும் ஊரில் ஒரு நல்ல நினைவுக் கல் நாட்டுவோம், ஒன்றாக வாழ்ந்த காலம் என்று பேச்சுப் பேசுவோம். துரத்தினோம் என்ற சொல் அதில் இல்லையென்றால் அது புளோரன்சின் வெறும் பெட்டியைவிட ஒரு சதமும் கூடுதல் பெறுமதி இல்லை. அரசாங்கம் எங்களுக்குச் செய்ததற்குக் கணக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டு, அதை விடவும் மாட்டேன். ஆனால் எங்கள் கணக்கை மூடிவைத்துக்கொண்டு மற்றவன் கணக்கைக் கேட்டால் குரல் கம்முகிறது.

ஆகவே அண்ணைக்கும் உங்களுக்கும் சொல்வது இதுதான். கல்லுப் பார்க்கப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரிக்கற் காசு நட்டமில்லை. ஆனால் திங்கட்கிழமை போகாதீர்கள், பிள்ளை "ஏன்" என்று கேட்டால் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து வாயை அடைக்காதீர்கள்.

திரும்பி வந்த கிழமை அம்மாவோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். மகளும் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, சீலைக்கார நானாவை ஞாபகம் இருக்கோ?"

"ஓம். ஏனடா இப்ப?"

"அவர் ஏன் வராமல் விட்டவர்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"துரத்தினவங்கள் தம்பி. எங்கட பெடியள்தான். அந்த நேரம் ஆர் வாய் திறந்தது? நானும் திறக்கேல்லை." பிறகு சொன்னா: "அக்கான்ரை சாமத்தியவீட்டுக்கு அவரிட்டை ஒரு சீலை எடுத்தனான். அரைவாசிக் காசு குடுக்க இருந்தது. அடுத்த கிழமை தாறன் எண்டு சொன்னனான். காசை எடுத்தும் வைச்சிருந்தனான்."

"எவ்வளவு, அப்பம்மா?" என்று மகள் கேட்டாள்.

"நூற்றைம்பது ரூபா" என்றா அம்மா. யோசிக்காமலே சொன்னா.